இடது கை

ஐஸ் கம்பெனியில் இருந்து வரும் என் கை
குட்டி டெகுவுக்கு மீன்.
முதல் வாரம் இரண்டு கடி,
வாலால் ஒரு விளாசல்.

எலுமிச்சை சோப்பு போட்டுக் கழுவி
கண்ணாடித் தொட்டிக்குள் கையை வைத்து
ஒன்றும் செய்யாமல் இருக்கப்
பழகினேன், நான்.
கழற்றிய பனியனையும் உள்ளே போட்டேன்.
பிளந்த நாக்கால் அதைப் படித்துப் படித்து
கடைசியில் அதன்மேலேயே பேண்டு வைத்தது.
"உன்னைத் தெரிஞ்சுகிட்டது" என்று
நஸ்ரின் சிரித்தாள்.

நேற்றுக் காற்றில்
முதுநகர் முழுக்க இருட்டு.
வெயில் விளக்கு அணைந்து
தொட்டி ஆறிப்போனது.
எடுத்தேன்.
சட்டைக் கைக்குள் புகுந்து
அக்குள்வரை ஏறி
நகம் மடக்கிக் கிடந்தது.

பாசமில்லை, வெறும் சூடு.
தெரியும்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்துவிட்டது.
அதனிடம் சொல்லவில்லை.