பெரும்பாலும்

மயூர் விஹார். மணி பத்தாகியும்
மூடுபனி எழுந்து போகவில்லை.
இன்ஷூரன்ஸ் ஆள் தில்பாக் சிங்
விளக்கு நொறுங்கிய வண்டியைச் சுற்றிவந்து
கேட்டார்: பெரும்பாலும் ஓட்டுவது யார்?

நான்தான், என்றார் என் கணவரின் அண்ணன்.
பாலிசி அவர் பெயரில்.
உயரம் ஆறடி இரண்டங்குலம்.

உட்காருங்கள்.
உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது.
கண்ணாடியில் பின்சீட் மட்டும் தெரிந்தது.

தில்பாக் சிங் ஒன்றும் எழுதவில்லை.
கதவுப் பையைத் துழாவி
பானெட்டின் மேல் பரப்பினார்:
ஒரு ஹேர்பின், பாதிக் கடலைமிட்டாய்,
நொய்டா பார்க்கிங் சீட்டுகள் முப்பதோ நாற்பதோ.

பெட்ரோலுக்கு நான். டயருக்கு நான்.
வாரம் இரண்டுமுறை மாமனாரை
டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்க் காத்துக்கிடந்து
திரும்பக் கூட்டிவந்தது நான்.
வீட்டில் அதற்குப் பெயர்
ஏழு வருஷமாக ‘அண்ணன் வண்டி’.

பனியில் மாடு குறுக்கே வந்தது சார்,
அவர் சொல்லிக்கொண்டிருந்தார்,
தான் இல்லாத விபத்தை.

மாடில்லை, என்றேன். டிவைடர்.
மஞ்சள் பெயிண்ட் அடித்தது.
பிரேக்கில் இருந்தது என் கால்.

க்ளெய்ம் போச்சு, என்று
தமிழில் பல்லைக் கடித்தார் அண்ணன்.

தில்பாக் சிங் பேனாவைத் திறந்தார்.
எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார்.
மங்கையர்க்கரசி
கட்டத்தில் அடங்கவில்லை.
ஓரத்தில் ஏறி, மேல்நோக்கி வளைத்து
முழுசாக எழுதினார்.