பெருவிரல் பதியவில்லை

உயிரோடிருக்கிறோம் என்று நாங்கள்
நிரூபித்தாக வேண்டிய மாதம் நவம்பர்.
தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஜெராக்ஸும் இ-சேவையும் ஒன்றாய்க் கிடக்கும் முறியில்
முன்னாள் பட்டாளத்தார் பதினொரு பேர்.
நான் ஏழாவது.
விளவங்கோட்டுக்காரர், பழைய சுபேதார்,
வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தார்
யாரும் கேட்காமலே.

"பெருவிரல வையுங்க சார்."
வைத்தேன். சிவப்பு.
"நல்லா அழுத்துங்க."
யாரிடம் இதைச் சொல்கிறாள் என்று
அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

பதினாறு வயதில், வில்லுக்குறிக் களரியில்,
ஈரமணல் சட்டியில் குத்திக் குத்தி
இரண்டு தடவை நகம் கழன்ற விரல் இது.
ஏசுவடியான் ஒற்றைச்சுவடு தாண்டிக்
கூட்டச்சுவட்டுக்குப் போன பிறகும்
நான் மணலில்தான் கிடந்தேன்.
அடிக்கிற இடம் எல்லோருக்கும் உண்டு;
இளக்குகிற இடம் கோபம் ஆறினவனுக்கு மட்டும்.
எனக்கு ஆறவில்லை.
முதல் லீவில் வந்துதான் அதைப் படித்தேன்.

வெலிங்டனில் உஸ்தாத் என் சுவட்டைப் பார்த்து
"டான்ஸா இது?" என்றார்.
அடுத்த நொடி அவர் தரையில்.
முதுகுச் சுமையோடு ஏழு நாள் ஓடினேன்.
எட்டாம் நாள் தனியாக வந்தார்:
"அந்தக் காலை எங்கே வைத்தாய்? திருப்பிக் காட்டு."
அதிலிருந்து வெறுங்கைச் சண்டைக்கு நான்தான்.
நாயக், ஹவில்தார்,
தோளில் ஏறின பட்டையெல்லாம்
இந்தக் கை வழியாகவே ஏறியது.

குப்வாராவுக்கு மேலே, ஓர் ஓடைக்கரையில்,
கருங்கல் டென்னிஸ்ராஜ் மல்லாந்து கிடந்தான்.
பிடரி, விலா, உள்ளங்கால் என்று
தெரிந்த இளக்குமுறையெல்லாம் அழுத்திப் பார்த்தேன்.
வர்மம் நூற்றெட்டு.
குண்டு அதில் ஒன்றையும் படித்துவிட்டு வரவில்லை.
அவன் கண்ணை மூடியதும்
இதே விரல்தான்.

இப்போது மார்த்தாண்டத்தில், பாலத்தடியில்,
நகைக்கடை வாசலில் வேலை.
"சண்டை தெரியுமா?" என்றான் மேனேஜர்.
"நிற்கத் தெரியும்" என்றேன்.
பன்னிரண்டு மணிநேரம்.
ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள்,
அதில் என் தொப்பி உட்கார்ந்திருக்கிறது.
போன ஓணத்தன்று குடித்துவிட்டு ஒருவன்
பீர் பாட்டிலை ஓங்கினான்.
அவன் தொண்டைக்குழிக்கு நெல்லிடை தூரத்தில்
என் விரல் நின்றது.
தனக்கு என்ன நடக்கவில்லை என்பதே தெரியாமல்
பாட்டிலைப் போட்டுவிட்டு அழுதான்.
கடைக்காரருக்கு உடைந்த பாட்டில் மட்டும் கணக்கு.

ரோஸ்லெட்டுக்குத் தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது.
டூட்டி முடிந்து வந்து எண்ணெய் தொட்டு அழுத்துவேன்.
"மெதுவா" என்பாள்.
பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம்
ஒருவரும் சொல்லாத சொல்.

"சார், இது ஒங்க ஆதார்தானா?
ரேகையே இல்லியே."
இடது கை. சிவப்பு.
ஈரத்துணி வைத்துத் துடைத்தாள். சிவப்பு.
"செரி, கண்ண வச்சுப் பாப்போம்.
அசையாதீங்க, கண்ண வெட்டாதீங்க."

மணலுக்கு முன்னால், சுவட்டுக்கும் முன்னால்
எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது:
வருகிற கையைப் பார்க்காதே,
வருகிறவன் கண்ணைப் பார்.
கறுப்புக் கண்ணாடிக்குள் பார்த்தேன்.
அங்கே எதிராளி இல்லை.
கொஞ்ச நேரம் அந்த ஓடைக்கரை வந்து நின்றது.
வெட்டவில்லை நான்.

பச்சை.
"இருக்கீங்க சார்" என்று சிரித்தாள்.
பிரிண்டுக்கு முப்பது ரூபாய்.

எட்டாவது ஆள்
ரப்பர் வெட்டித் தேய்ந்த விரலை
வேட்டியில் துடைக்கிறார், பார்க்கிறார்,
மறுபடி துடைக்கிறார்.
"ஓய், வெரல விடும்.
கண்ண வெட்டாம நில்லும்."