கேட்டது

"தோட்டக்காட்டுப் பேச்சோடு
உனக்கொரு லீடர் வேலை கேடோ?" என்று
சத்தியகலாவைப் பார்த்துச் சொன்னதை
ஏழு பேர் கேட்டோம்.
முறைப்பாட்டில் கையெழுத்து இரண்டு:
அவளது, எனது.

மறுகிழமை என் மெஷினில் வேறொருத்தி.
நான் அயன் பகுதியில்.
தண்டனை இல்லையாம், சுழற்சியாம்.
ஆவி முகத்தில் அடிக்க அடிக்க
நாளுக்கு அறுநூறு கொலர்.
ஓவர்டைம் பட்டியலில் என் பெயரை
எழுதி வெட்டியிருக்கிறார்கள்,
வெட்டியது தெரியட்டும் என்று.

கொம்பனி பஸ்
முரசுமோட்டைச் சந்தியில் இப்போது நிற்பதில்லை.
கத்திக்கொண்டு ஓடினால் நிற்கும்,
கால் கட்டை தள்ளி.
சாப்பாட்டு நேரம்
நிரோஜினி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
அடுத்த வாங்குக்குப் போனாள்.
அவளுக்கு லீசிங்கில் ஒரு ஸ்கூட்டி,
நடக்கமுடியாத தகப்பன்.
எனக்குக் கோபமில்லை.
பொய். கொஞ்சம் இருக்கிறது.

நேற்று உள்ளே கூப்பிட்டார்கள். ஏசிக் குளிர்.
"மெஷின் சத்தத்தில்
சரியாகக் கேட்டிருக்காதே, தங்கச்சி?"
தாளுக்குப் பக்கத்தில் பேனை,
மூடி கழற்றியபடி.

பங்கருக்குள் இருந்து
ஷெல் எந்தப் பக்கம் விழும் என்று
காதால் பார்த்துச் சொன்னபோது
எனக்கு ஒன்பது வயது.
நாற்பது மெஷின் ஒரு சத்தமா?

"கேட்டது, சேர்."

பின்னேரம் பஸ்ஸில் எனக்கு இடமில்லை என்றார்கள்.
இருக்கைகள் ஆறு வெறுமையாய்க் கிடந்தன.
இறங்கினேன்.
முன் கதவால் சத்தியகலாவும் இறங்கினாள்.
பரந்தன் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
ஏன் இறங்கினாய் என்று
நான் கேட்கவில்லை.