கருவி வாடகை, இரண்டு மணி நேரம்

வாசாவில் கடல் உறைந்த வாரம் அது.
சலவைக்கடை மாடியில் சங்கத்து இளையோர் கூட்டம்:
ஆறு நாற்காலி, ஏழு பேர்.
ரேடியேட்டர் மேல் உட்கார்ந்திருப்பவன் நான், பொருளாளர்.
பொருளைச் சோதிப்பது பகல் வேலை,
பொருளுக்குக் கணக்கெழுதுவது வியாழன் மாலை;
இரண்டிலும் மிச்சம் பிடித்ததில்லை.

ஹில்லா கையுறையைக் கழற்றாமலே
ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தாள்.
செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம்,
அதற்குத் துணையாக ஒரு போல்ட்,
தலை தனி, உடல் தனி.
காற்றாலை இறகைப் பிடித்திருந்த நூற்றிருபதில் ஒன்று.

"டார்மோ அதிகமாக முறுக்கிவிட்டான் என்று
எழுதித் தரச் சொல்கிறார்கள்.
திங்கட்கிழமை அவனுக்கு விசாரணை.
நான் சேர்ந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது."

யாரும் அறிவுரை சொல்லவில்லை.
எங்களில் மூத்த யுஹோவுக்கே முப்பத்தொன்று.
அவன் போன வருடம் இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டவன்,
இன்றைக்கும் அந்த ஆலை இருக்கும் தெருவைச்
சுற்றிக்கொண்டுதான் போகிறான்.

அப்திரிசாக் பையைத் திறக்காமல் குனிந்து பார்த்தான்.
முறிந்த முகத்தைத் தொடக் கூடாது,
விரலின் உப்பே சாட்சியைக் கலைத்துவிடும்.
"எப்போது உடைந்தது?"
"முறுக்கிய மறுநாள் இரவு. பக்கத்தில் யாரும் இல்லை."
கீழே சலவை இயந்திரம் சுற்றுவது கேட்டது.
முறுக்கு மிஞ்சினால் அப்போதே அறும்.
ஒரு நாள் காத்திருந்து அறுவது வேறு ரகம்.

விதிப்புத்தகம், பதினான்காம் பிரிவு:
முப்பத்திரண்டு வயதுக்குட்பட்ட உறுப்பினருக்கு
ஆண்டுக்கு இரண்டு மணி நேரம்
எலெக்ட்ரான் நுண்ணோக்கி, சங்கச் செலவில்.
நான்கு வருடமாக எவரும் கேட்டதில்லை.
வீண் பிரிவு, நீக்கிவிடலாம் என்று
போன பொதுக்குழுவில் கை தூக்கியவன் நான்.
நல்லவேளை, கைகள் போதவில்லை.

சனிக்கிழமை, பல்கலைக்கழக நிலவறை.
உள்ளிருந்த காற்றெல்லாம் தீரும்வரை பம்ப் முனகியது.
பிறகு திரையில் சாம்பல் நிறத்தில் எழுந்தது முறிவு.
இழுபட்டுக் கிழிந்த எஃகு என்றால்
குழிக்குழியாக இருக்கும், பணியாரச் சட்டி போல.
இது கற்கண்டு.
மணி மணியாக, பட்டை பட்டையாக,
ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியின் கையை விட்டிருந்தது.
துத்தநாகத் தொட்டியில் உள்ளே புகுந்த ஹைட்ரஜன்.
அடுப்பில் வைத்து அதை வெளியே அனுப்ப
நாலு மணி நேரமாவது வேண்டும்.
யாரோ அந்த நாலு மணி நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

ஹில்லா சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"அளவுகோல் போடு" என்றாள்,
"இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது,
வேறு இடமும் பார்ப்போம்,
ஒரு படம் சாட்சியாகாது."

அறிக்கையில் அவள் பெயர் மட்டும்.
சங்கம் கையெழுத்திடுவதில்லை, அதுவும் விதிதான்.
ஆனால் ஞாயிறு இரவு
ஏழு வீடுகளில் விளக்கெரிந்தது, ஒன்பது பக்கத்துக்காக.
யுஹோ ஒரு தசமப் புள்ளியைத் திருத்தினான்.
'நிச்சயமாக' என்பதைப் 'பெரும்பாலும்' ஆக்கு என்றேன்.
முடியாது என்றாள்.
ஒரு மணிவரை சண்டை.
பதினோராம் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன்,
வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை உள்ளே என்ன நடந்தது, முழுதாகத் தெரியாது.
டார்மோ மறுநாள் வேலைக்கு வந்தானாம்.
அந்தப் பெட்டியில் வந்த போல்ட்டுகளையெல்லாம்
பனியில் ஏறிக் கழற்றினார்களாம்.
ஹில்லாவுக்கு வேறு பிரிவு, வேறு கட்டடம்;
அது பரிசா தண்டனையா
அவளே இன்னும் முடிவு செய்யவில்லை.

கணக்கில் எழுதினேன்:
கருவி வாடகை, இரண்டு மணி நேரம், நூற்றெண்பது யூரோ.
காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு,
'போல்ட்' என்று போட்டேன்.
தணிக்கையாளர் அதை வட்டமிட்டு
ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறார்.
வரட்டும், சொல்லிக்கொள்ளலாம்.
அடுத்த வரியையும் கேட்பார்:
நாற்காலி, ஒன்று.