ஆறாம் பொந்து

ரெட்டியார்பட்டி ரோட்டில் பால் கம்பெனி.
பால் குளிர்கிற அறைக்கு அடுத்த அறையில்
கணக்கு குளிர்கிறது.
ஒரே பெட்டி, பதினான்கு பொந்து,
பொந்துக்கொன்றாய்ச் செருகிய பிளேடு சர்வர்கள்.
அதில் இரண்டுக்காகத்தான் இந்த ராத்திரி எனக்கு விழிப்பு:
மூன்றில் பொருநை, ஆறில் சிற்றாறு.

இரண்டும் ஒன்றையொன்று
நொடிக்கொரு தரம் கேட்டுக்கொள்ளும்.
இருக்கியா? இருக்கேன்.
இருக்கியா? இருக்கேன்.
பத்து நொடி பதில் இல்லையென்றால்
கேட்டது எழுந்து
கணக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

போன மாசம் அப்படித்தான் இழுத்தது.
பதில் சொல்லாதது சாகவில்லை;
நடுவில் ஒரு ஸ்விட்ச் கண் சொருகிக் கிடந்தது, அவ்வளவே.
நான்தான் ஆள் என்று இரண்டும்
ஒரே டிஸ்கில் எழுதின.
முக்கூடல் பேச்சியம்மாளின் எட்டு லிட்டருக்கும்
கல்லூர் ஆவுடைநாயகத்தின் பதினொன்றுக்கும்
ஒரே சீட்டு நம்பர்.
விடிவதற்குள் டேட்டாபேஸ் திரிந்துவிட்டது.
திரிந்ததை நாலு நாள் கிண்டிப் பார்த்தோம்.
பேச்சியம்மாள் நேரில் வந்து நின்றார்.
"எவ்வளவு கறந்தேன்னு எம் மாட்டுக்குத் தெரியும்.
ஒங்க மிஷினுக்குத் தெரியாதோ?"

அதனால்தான் வேலி.
சாதுவான சொல்.
செய்கிற காரியம் அப்படியில்லை:
பேச்சு மூச்சில்லாத கூட்டாளியின்
மின்சாரத்தை முதலில் பிடுங்கு,
போய்விட்டான் என்று பெட்டியிடம் ஒப்புதல் வாங்கு,
பிறகு சொத்தில் கை வை.

மேலப்பாளையத்திலிருந்து போனில் நயினா முகம்மது:
"செத்துட்டான்னு நீயா நெனச்சுக்கிடாத, ஜெபக்கனி.
பேசாதவம்லாம் செத்தவன் கெடையாது.
சந்தேகமா இருக்குல்லா, அதான் கொல்லச் சொல்லுதேன்."

எழுதினேன்.
பெட்டியின் மேலாண்மை முகவரி,
அணைக்கவும் எழுப்பவும் மட்டும் உரிமையுள்ள ஒரு பெயர்,
அதற்கொரு கடவுச்சொல்,
யார் எந்தப் பொந்தில் என்ற பட்டியல்.
சோதனைக்கு, சிற்றாற்றை அணை என்றேன்.

விழுந்தது பொருநை.
நல்லபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தது, பாவம்.
தூசி தட்ட வந்தவர்கள்
இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ஒட்டிய காகிதம் மட்டும் பழைய இடத்திலேயே.
வேலியே பயிரை மேய்ந்த கதை,
அதற்குச் சாட்சி லாக் ஃபைல்:
ஓணான் மாதிரித் தலையாட்டி
வெற்றி, வெற்றி என்கிறது.

பட்டியலைத் திருத்தி,
இடையிலிருந்த வயரைப் பிடுங்கினேன்.
இந்தத் தடவை இரண்டுமே
ஒரே நொடியில் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டன.
மின்விசிறிகள் இறங்கி இறங்கி ஓய்ந்தன.
கொசு பறப்பது கேட்டது.

பிறகு ஒரு வரி சேர்த்தேன்:
பொருநையை அணைக்கும் முன்
ஐந்து நொடி பொறு.
சிற்றாறுதான் தயங்க வேண்டும் என்று நானே முடிவுசெய்தேன்.
காரணம் எதுவுமில்லை.
யாராவது ஒருவர் தயங்க வேண்டும்.

பெட்டியே போய்விட்டால்?
கேட்காதீர்கள். அதற்கு இன்னொரு ராத்திரி வேண்டும்.

மூன்று ஐம்பதுக்கு மறுபடி வயரைப் பிடுங்கினேன்.
சிற்றாறு அணைந்தது.
பொருநை அவசரப்படவில்லை.
ஒப்புதல் வந்த பிறகே டிஸ்கைத் தொட்டது.
வயரைச் செருகினேன்.
ஆறு நிமிடம் கழித்து சிற்றாறு எழுந்து,
எதையும் கேட்காமல் ஓரமாக உட்கார்ந்தது.
இருக்கியா? இருக்கேன்.

கதவைத் தட்டியது வாட்ச்மேன் செண்பகக்குட்டி.
"எம்மா, ஒங்க வீட்டுக்காரரு கேட்டுல நிக்காரு.
ராத்திரி பூரா போன எடுக்கலையாம்லா.
இருக்கியளான்னு பாத்துட்டுப் போக வந்தாராம்."

பைக்குள் கிடந்த போனில்
பதினேழு தவறிய அழைப்புகள்.
மத்தியானம் போட்ட சண்டைக்காக
நான்தான் அதன் வாயைக் கட்டியிருந்தேன்.

முக்கூடல் வண்டி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது,
கேன்கள் ஒன்றோடொன்று இடிக்க.
அதற்கு வழிவிட்டு ஓரமாக,
பைக்கை அணைக்காமல் நின்றிருந்தார்.