கண்ணாடி ஓடு

அண்டியாபீஸ் கூரையில்
மொத்தம் மூன்று கண்ணாடி ஓடு.
நடு ஓட்டுக்குக் கீழே என் பலகை.
ஏழு வருசம் காத்துக் கிடைத்தது.
பதினொன்றுக்கு வெளிச்சம் மடியில் இறங்கும்,
பன்னிரண்டரைக்கு முறத்துக்கு நகரும்.
அந்த நேரம் பருப்பு உடையாமல் தொலி உரியும்.
எனக்கும் தினம் வெயில் உண்டு என்றுதான்
நினைத்திருந்தேன்.

ஐந்தாம் மாசம் இடுப்பில் வலி.
படி ஏறினால் தொடைக்குள் யாரோ
நனைந்த சாக்கை முறுக்குவதுபோல.
குலசேகரத்தில் டாக்டர் சீட்டு எழுதினார்,
இங்கே பார்ப்பதில்லை, வெளி லேபில் எடுக்கணும் என்று.
ஆயிரத்து முந்நூறு.
எத்தனை கிலோ தொலி என்று
விரல்கள் தானாகக் கணக்குப் போட்டன.

திருவனந்தபுரத்தில் ஏழாம் மாடியில்
கம்பி கட்டுகிற மனுசன்,
பிடரி தோல் உரிந்தே கிடக்கும், போனில் சிரித்தார்:
"வெயிலு இருக்கா இல்லியான்னு பாக்க காசா?
இஞ்ச வா, எனக்க முதுவுலேருந்து சுரண்டித் தாறேன்."
பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.
மறுநாள் பணம் வந்தது.

ஒன்பது புள்ளி நான்கு.
இருபதாவது வேண்டுமாம்.
"வெயிலே படமாட்டியா விஜிலா?"
படும் டாக்டர், கண்ணாடி ஓடு வழியா.
அவர் பேனாவை மூடிவைத்தார்.
கண்ணாடி வெளிச்சத்தை விடுமாம்,
எலும்புக்கு வேண்டியதைப்
பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

ஏழு வருசம்
வடிகட்டின வெயில்.

வாரம் ஒரு பொட்டலம், பாலில் கலக்கி, எட்டு வாரம்.
அடியில் தங்கும் பொடியை
விரலால் வழித்து நக்குகிறேன்.
மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தோடு
தோட்டுக் குவியலுக்குப் பின்னால் போய்
முட்டுவரை சேலை ஏற்றி உட்காருகிறேன்.
"பிள்ள கறுத்துப்போவும்" என்றாள் நாத்தனார்.
கறுத்தா என்ன,
எலும்பு வெளுப்பாத்தான இருக்கும்.

சூப்பர்வைசர் ரெண்டு தடவை எட்டிப் பார்த்தான்.
மூன்றாம் நாள் சுபலா வந்தாள்.
அவளுக்கு மாசம் ஒன்றுமில்லை, நாற்பத்தெட்டு வயசு,
முட்டு மட்டும் நொறுங்குகிறதாம்.
லேபுக்கெல்லாம் போக மாட்டாள்.
குழம்பை எனக்குப் பாதி ஊற்றிவிட்டு
கையை மலர்த்தி வைத்துக்கொண்டாள்.
உள்ளே
ஆளில்லாத என் பலகைமேல்
நல்ல வெளிச்சம்.