தோடம்பழம், சாவி, குடை

மூன்று சொல் தருகிறேன், மறக்காதீர்கள் என்றாள் தாதி.
தோடம்பழம். சாவி. குடை.
ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டாள், சொன்னேன்.
வரும்போது பேருந்திலும் சொன்னேன்,
யாரும் கேட்காமலே.
இன்றோடு பன்னிரண்டு நாள். மூன்றும் அப்படியே இருக்கின்றன.

கடிகாரம் வரையச் சொன்னபோதுதான்
எண்களெல்லாம் வலப்பக்கம் ஓடிப்போய்
ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன,
மாலை ஆறரைக்கு எம்ஆர்டி கதவோரம் நிற்பவர்களைப் போல.

பாசிர் பாஞ்சாங்கில் இருபத்தாறு வருடம்
கிரேன் ஓட்டியவன் நான்.
கண்ணாடித் தரைமேல் அந்தரத்தில் உட்கார்ந்து
கால்களுக்கு நடுவே கப்பலைப் பார்த்தவன்.
நாற்பதடிப் பெட்டியின் நான்கு மூலைப் பூட்டும்
என் கையில் ஒரே 'டக்' என்று விழும்.
போன வருடம் தைப்பூசத்துக்கு மறுநாள்
பெட்டி அரையடி தள்ளி இறங்கியது.
கீழே மஃபூஸ் கையுறையை எடுக்கக் குனிந்திருந்தான்.
அதனால் இருக்கிறான்.

கிளிமெண்டியில் மூன்று கண்ணாடி வாங்கினேன்.
விழி சுத்தம் என்றார் கண் மருத்துவர்.
மன உளைச்சல் என்று இன்னொருவர் மாத்திரை தந்தார்,
தூங்கினேன், அவ்வளவுதான்.
தவமணி மட்டும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்:
வெள்ளை மேசையில் வெள்ளைத் தட்டை
நான் கையால் தேடுவதை,
நகரும் படிக்கட்டின் முன்னால்
காலைத் தூக்கியபடி நின்றுவிடுவதை.
ஒருநாள் எல்லாத் தட்டையும் கொடுத்துவிட்டுச்
சிவப்புத் தட்டு வாங்கி வந்தாள்.
மருத்துவர்களுக்கு அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஆயிற்று.

பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்.
டாக்டர், அல்சைமர் மறதிக்காரர்களுக்கு அல்லவா வரும்?
நான் முதன்முதலில் இறக்கிய கப்பலின் பெயர் சொல்லட்டுமா?
அவர் என் மூளைப் படத்தைத் திருப்பிக் காட்டினார்.
பின்மண்டையில்,
பார்த்ததை ஒன்றுசேர்க்கும் இடத்தில்,
ஓட்டுக்குள் வற்றிய புளியம்பழம்.
"நோய் ஒன்றுதான் ஐயா.
முதலில் எந்த மாடியில் விளக்கு அணைகிறது என்பதுதான்
ஆளுக்கு ஆள் வேறு."

மற்ற மாடிகள் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன.
திரு கோ கடிகாரத்தை அச்சுப்போல் வரைகிறார்,
அதற்குப் பெயர்தான் வரவில்லை.
'நேரத்தைத் தின்னும் தட்டு' என்று ஹொக்கியனில் சொன்னாராம்,
மகன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மொழிபெயர்த்தான்.
மக்சிக் ரொஹாயா ஒரே கேள்வியை ஒன்பது முறை கேட்கிறார்.
அவருடையது பாடப்புத்தக வகையாம்,
முதல் மதிப்பெண் வாங்கியவரைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள்.
ஞானசீலன், வழக்கறிஞராக இருந்தவர்,
சட்டப் பிரிவுகள் எல்லாம் நாக்கில் நிற்கின்றன,
வெட்கம் மட்டும் போய்விட்டது.
என் கோப்பியை எடுத்துக் குடித்துவிட்டுச்
சர்க்கரை போதாது என்றார்.

எனக்கு ஏன் என்று கேட்டேன்.
முதுகுத்தண்டு நீரில் ஒரு புரதம் குறைந்திருக்கிறது,
இன்னொன்று கூடியிருக்கிறது.
அது ஏன் என்றேன்.
மரபணு இருக்கலாம், வயது, ரத்தக்குழாய்,
பல காரணங்கள் கூட்டுச் சேர்ந்திருக்கலாம்,
உங்கள் விஷயத்தில் தெரியவில்லை என்றார்.
தெரியவில்லை என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.
அப்பா, சித்தப்பா, யாருக்காவது?
எங்கள் வீட்டில் மறக்கிற வயதுவரை
யாரும் இருந்ததில்லை, டாக்டர்.
அதையும் எழுதிக்கொண்டார்.

பதினோராம் மாடி.
சாவி என்ற சொல் இருக்கிறது.
சாவி கையிலும் இருக்கிறது.
கதவு பச்சை, அதுவும் தெரிகிறது.
துவாரம் மட்டும்
அரையடி தள்ளி எங்கோ இறங்கியிருக்கிறது.
உள்ளே தவமணி வந்து நிற்கும் அரவம்.
திறக்காதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
இடது பெருவிரலால் தடவுகிறேன்,
இரும்பு, இரும்பு, இரும்பு, குழி.

குடையைப் பேருந்திலேயே விட்டுவிட்டேன்.
அது வெறும் மறதி,
எல்லோருக்கும் வருவது.